பெயர் சொல்லி ஜெபித்தது

ஜெலுத்தோங், பினாங்கு
17 பிப்ரவரி 2024

தங்கை சந்திரிகாவுக்கு,

எனக்கு நடந்த அநியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பது பிறகு. உன் மகள் ஷர்மினிக்காக நான் ஜெபித்தேன். அந்தக் குற்றத்துக்காக, இனி வீட்டு ஜெபக்கூட்டத்தில் நான் வாய் திறக்கக் கூடாது என்று சபையில் முடிவு செய்துவிட்டார்கள்.

நீ போனை எடுக்காததால் கடிதத்தில் சொல்கிறேன். போன மாதக் கடைசி வியாழக்கிழமை, கூட்டம் உன் சம்பந்தியம்மா வீட்டு முறை. ஹால் நிறைய ஆட்கள். விண்ணப்ப ஜெபத்தை வழக்கம்போல் நான் நடத்தினேன். நான் பெயர் சொல்லித்தான் ஜெபிப்பேன், உனக்குத் தெரியும். 'வியாதியஸ்தர் எல்லோரையும் நினைத்தருளும்' என்று மொத்தமாகச் சொல்லி முடிப்பது சோம்பேறிகளின் ஜெபம். சலோமியம்மாவின் முழங்காலைச் சொன்னேன். வேலை போன இரண்டு பையன்களைச் சொன்னேன். பிறகு ஷர்மினியைச் சொன்னேன். இரண்டாம் முறையும் கருவை இழந்து தவிக்கிற எங்கள் பிள்ளையின் கண்ணீரைத் துடையும் ஆண்டவரே என்றேன். பலர் விம்மினார்கள்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் ஷர்மினி உட்கார்ந்திருந்த இடம் காலி. சம்பந்தியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில் இருக்கும் மாமியாருக்கு ஒருமுறைகூடத் தெரியாது என்று எனக்கு யார் சொன்னது? 'ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே' என்று நீதான் போனில் அழுதாய். வைத்தேன்.

இப்போது அவளும் மாப்பிள்ளை குகனும் பாயான் பாருவில், அவள் ஃபேக்டரிக்குப் பக்கத்தில், வாடகைக்குப் போய்விட்டார்கள். அவள் மறுபடி வந்து கூட்டத்தில் உட்காரும் நாள் வரை நான் ஜெபம் நடத்தக் கூடாதாம், உட்கார்ந்து கேட்கவேண்டுமாம். சொன்னவர் போதகர். என் மகன் வயதுகூட இல்லை அவருக்கு. ஆறாம் வகுப்போடு நின்று, துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டே வேதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவன் நான். எனக்கு ஜெபிக்கச் சொல்லித்தருகிறார்.

மச்சானின் டயாலிசிஸ் எப்படிப் போகிறது? இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

அண்ணன்,
யேசடியான்

*

ஜொகூர் பாரு
2 மார்ச் 2024

அண்ணனுக்கு,

இவருக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். மற்ற நாட்களில் தூங்குகிறார். நான் இருக்கிறேன். உங்கள் பிரஷர் மாத்திரையை விடாதீர்கள்.

உங்கள் போனை இனியும் எடுக்கமாட்டேன். போனில் என் பாதிப் பேச்சிலேயே உங்கள் முழுப் பேச்சு தொடங்கிவிடும். கடிதம் எழுதுங்கள். என் கடிதத்தை மடக்கி உங்களால் நடுவில் பேச முடியாது.

ஜெபத்தில் வைக்கச் சொன்னேன், கூட்டத்தில் வைக்கச் சொன்னேனா? கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கச் சொன்னாரே ஆண்டவர், அந்தப் பக்கம் மட்டும் எழுத்துக்கூட்ட வரவில்லையா உங்களுக்கு? அன்று இரவே சம்பந்தியம்மா அவளிடம், "ரெண்டு பேரப்புள்ளைய எங்கிட்ட மறைச்சிட்டு என் கையாலதானே சோறு சாப்பிட்ட" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. ஷர்மினி இப்போது என் போனையும் எடுப்பதில்லை. பெற்ற தாயின் போனை. எல்லாம் உங்களால்.

வேதத்தில், ஆலயத்துக்குள் ஒரு கிழட்டு ஆசாரியனை ஊமையாக்கிவிட்டுப் போன அந்தத் தேவதூதன் உங்களுக்கும் ஒருமுறை வந்துபோனால் குடும்பம் பிழைக்கும்.

சந்திரிகா

*

ஜெலுத்தோங்
9 மார்ச் 2024

தங்கைக்கு,

நலமே. மாத்திரை சாப்பிடுகிறேன்.

உன் கடிதத்தை முழுதும் படித்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. மறைத்தது உன் மகள், மறைக்க வைத்தது அந்த வீடு, தேவனிடம் சொன்னவன் மட்டும் குற்றவாளியா? நான் ஊரிடம் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அவரிடம்தான் சொன்னேன். சுற்றிலும் இருந்தவர்களுக்குக் காது இருந்தது என் பிழையல்ல.

யேசடியான்

*

ஜெலுத்தோங்
20 ஏப்ரல் 2024

சந்திரிகாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. மச்சானுக்கு ஏதும் முடியாமல் போய்விட்டதோ என்று கவலைப்பட்டு உன் மகனுக்குப் போன் செய்தேன். அப்பா நலம், அம்மாவும் நலம், எழுதத்தான் மனமில்லை என்றான். சரி.

வியாழக்கிழமை தவறாமல் போகிறேன். போகாமல் விட்டால் கோபித்துக்கொண்டேன் என்பார்கள். வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். என் இடத்தில் ஒரு சின்னப் பெண் ஜெபிக்கிறாள். திக்குகிறாள். நான் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்து மூடுகிறேன். போன வாரம் அவள் ஜெபத்தின் நடுவே ஒரு அடைப்பு வந்தது.  மின்விசிறிச் சத்தம் மட்டும். அவ்வளவு நேரம் ஒரு கூட்டம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

சூலியா தெருவில் பணம் மாற்றும் முஸ்தஃபாவை உனக்கு நினைவிருக்கும். நோன்பு மாதத்தில் அவன் கடையில் வழக்கம்போல் போய் உட்கார்ந்தேன். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன யேசடியான், நாங்க வயித்துக்கு புவாசா இருக்கோம், நீ வாய்க்கு புவாசாவா?" என்றான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது வரவில்லை.

நீ எழுது. திட்டியாவது எழுது.

யேசடியான்

*

ஜொகூர் பாரு
11 மே 2024

அண்ணே,

இவருக்கு இடையில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போது வீட்டில். நீங்கள் விசாரித்ததைப் பையன் சொன்னான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவரை விட்டு என்னால் பினாங்குக்கு வர முடியாது. ஷர்மினி என்னோடு பேசி நான்கு மாதமாகிறது. குகனும், "அவ சரியாயிடுவா, கொஞ்ச நாள் விடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நீங்கள் பாயான் பாருவுக்குப் போய் அவளைப் பார்த்து வாருங்கள். நியாயம் பேசாதீர்கள். முகத்தைப் பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதினால் போதும்.

சந்திரிகா

*

ஜெலுத்தோங்
15 ஜூன் 2024

தங்கைக்கு,

மச்சானுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை என்று நம்புகிறேன். என் பழைய முழங்கை வலி அப்படியே.

போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உனக்காகப் போகவில்லை. அவள் ஒரு வியாழக்கிழமை வந்து உட்கார்ந்தால் என் இடம் எனக்குத் திரும்பக் கிடைக்கும், அதற்காகப் போனேன். பஸ்ஸில் அவளுக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டேன்.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். இளைத்திருக்கிறாள். பிறகு, "உள்ள வாங்க மாமா. ஆனா ஜெபம் பண்ணக்கூடாது. அட்வைஸும் பண்ணக்கூடாது" என்றாள்.

"பின்ன நான் என்னதான் பண்றது?"

"சும்மா உக்காருங்க லா."

உட்கார்ந்தேன். டீ கொடுத்தாள். துணி மடித்தாள். நான் வரிசைப்படுத்தி வைத்திருந்தது ஒவ்வொன்றாக என்னைவிட்டுப் போனது. கிளம்பும்போது, அடுத்த சனிக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன். பேசாமல் இருப்பதானால் வரலாம் என்றாள்.

முகம் பார்த்தேன், எழுதிவிட்டேன். நீ கேட்டது அவ்வளவுதான்.

யேசடியான்

*

ஜொகூர் பாரு
30 ஜூன் 2024

அண்ணே,

உங்கள் கடிதத்தை இவருக்கும் படித்துக் காட்டினேன். 'சும்மா உக்காருங்க லா' என்ற இடத்தில் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். இங்கே எல்லாம் ஒழுங்காகப் போகிறது.

இளைத்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு? சாப்பிடுகிறாளா? குகன் பிரியமாக இருக்கிறாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? போகிற ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு எழுதுங்கள். ஒன்றும் விடாமல் எழுதுங்கள்.

சந்திரிகா

*

ஜெலுத்தோங்
10 ஆகஸ்ட் 2024

சந்திரிகாவுக்கு,

மச்சான் சிரித்தது சந்தோஷம். எனக்கும் சுகமே.

சனிக்கிழமைகளில் போகிறேன். அவள் பேசுகிறாள், நான் கேட்கிறேன். என்ன பேசினாள் என்று எழுதமாட்டேன்.

வேறு விஷயம் எழுதுகிறேன். சபையில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருக்காகப் பல வருடம் ஒரே வியாதியைச் சொல்லி ஜெபித்து வந்தேன். போன வாரம் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் நின்று அவர் பேசத் தொடங்கினார். நான் இடையில் புகவில்லை, பேசி முடித்தார். இத்தனை வருடமும் அவர் ஜெபிக்கக் கேட்க வந்தது அந்த வியாதிக்காக அல்ல. முதல் வார்த்தையிலேயே நான் எனக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தேவனிடம் ஓடியிருக்கிறேன். அவர் பாவம், சரி அதுவாவது இருக்கட்டும் என்று ஆமென் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. ஜனவரியில் சம்பந்தியம்மா வீட்டில் விம்மினார்கள் என்று எழுதினேன் அல்லவா. முதல் விம்மல் கேட்டபோது நான் ஷர்மினியின் பெயரை ஒருதரம்தான் சொல்லியிருந்தேன். அது கேட்டு என் குரல் உயர்ந்தது. மறுபடியும் பெயரைச் சொன்னேன். அதற்கு இன்னும் அழுதார்கள். மூன்றாம் தரமும் சொன்னேன். தேவனுக்கு ஒருதரம் போதாதா?

இப்போது வீட்டில் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. யார் பெயரையாவது மனதில் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறேன். வெகுநேரம் ஒன்றும் நடக்காது. முன்பெல்லாம் என் சத்தம் முடிந்ததும் எழுந்துவிடுவேன். இப்போது சத்தமே இல்லாததால் எப்போது எழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வாந்தி எடுப்பவர்களுக்கு அம்மா ஒரு கஞ்சி வைப்பாளே, அதில் இஞ்சியோடு வேறென்ன போடுவாள்? எனக்கு வயிறு சரியில்லை.

யேசடியான்

*

ஜொகூர் பாரு
1 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

இவருக்கு நலம். எனக்கு நலமில்லை. கஞ்சியில் வெந்தயமும் பூண்டும் போடுவாள்.

நீங்கள் சனிக்கிழமை தவறாமல் தூக்குப் பாத்திரத்தோடு பாயான் பாரு பஸ் ஏறுவதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். "என் மருமகளுக்கு என்னவோ ஆயிருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து மறைக்கிறீங்க" என்றார்கள். எனக்கே தெரியாது என்றேன். அவர்கள் நம்பவில்லை.

அவளுக்கு என்ன? வியாதியா? குகனோடு ஏதாவதா? தெரிந்துகொண்டே எழுதாமல் இருக்கிறீர்கள். சொல்லக் கூடாத இடத்தில் ஊர் அழச் சொன்னவர், சொல்ல வேண்டிய தாயிடம் வாயைப் பூட்டிக்கொள்கிறீர்கள். நான் உங்களைக் குறை சொன்னதற்குத் தண்டனையா இது? அப்படியானால் ஆசை தீரத் தண்டித்துவிட்டீர்கள். ஒரே வார்த்தை எழுதுங்கள். இல்லையென்றால் இனி எனக்கு எழுதவேண்டாம்.

சந்திரிகா

*

ஜெலுத்தோங்
8 செப்டம்பர் 2024

சந்திரிகாவுக்கு,

ஷர்மினி உயிரோடு இருக்கிறாள். குகன் அவளை நன்றாக வைத்திருக்கிறார். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன். மற்றது என் வாயிலிருந்து வராது. என்னை எவ்வளவு திட்டினாலும் சரி.

எழுதவேண்டாம் என்றால் எழுதவில்லை. மச்சானைப் பார்த்துக்கொள். உன்னையும்.

யேசடியான்

*

ஜொகூர் பாரு
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணே,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கை வலி குறைந்ததா? இந்தக் கேள்விகளை நான்கு மாதமாகக் கேட்காமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் இவரை டயாலிசிஸுக்கு ஏற்றிவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. "அம்மா, பொம்பளப் புள்ள" என்றாள் ஷர்மினி. ஒரு வருடம் கழித்து அவள் சொன்ன முதல் வார்த்தை அது. தாயும் பிள்ளையும் நலம். நான் போட்ட சத்தத்தில் அங்கே நாற்காலியில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவள் எல்லாம் சொன்னாள். உண்டாகியிருப்பதை ஜூலையிலேயே உங்களிடம் சொல்லிவிட்டாளாம், குகனுக்கு அடுத்தபடியாக உங்களிடம்தானாம். ஏன் மாமாவிடம் என்று கேட்டேன். "சோதிச்சுப் பாக்கத்தாம்மா. ரெண்டு வாரத்துல பினாங்கு பூரா தெரிஞ்சிடும், அப்புறம் அவரை நிம்மதியா வெறுத்துடலாம்னு நெனச்சேன்" என்றாள். டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொன்ன மாதங்களில் சனிக்கிழமை கஞ்சியோடு வந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போனீர்களாம். ஒருநாள் ரத்தம் பட்டதைப் பார்த்துவிட்டுப் பயந்து அவளே, "மாமா ஜெபம் பண்ணுங்க" என்றாளாம். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினீர்களாம். உதடுகூட அசையவில்லையாம். "அன்னிக்குத்தாம்மா எனக்காக யாரோ ஜெபம் பண்றாங்கன்னு தெரிஞ்சது" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள்.  போன வருடம் இரண்டாவது கரு போனபோது அவள் என்னிடம் சொன்னது, "யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா, முக்கியமா மாமாகிட்ட" என்பதுதான். மறுநாளே உங்களுக்குப் போன் செய்தவள் நான். தனியாகச் சுமக்க முடியாமல் உங்கள்மேல் இறக்கி வைத்தேன், அதற்கு ஜெபம் என்று பெயரும் வைத்தேன். சொல்லாதே என்று அவள் சொன்னதை உங்களிடம் சொல்லவில்லை. பிறகு எல்லாம் உங்களால் என்று எழுதினேன்.

இதையும் அவள் உங்களிடம் ஜூலையிலேயே சொல்லிவிட்டாளாம். நான் செப்டம்பரில் உங்களைத் திட்டி எழுதியபோது உங்கள் கையில் இது இருந்திருக்கிறது. ஒரு வரி போதும், நான் அடங்கியிருப்பேன். நீங்கள் வெந்தயக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணே. உங்களை எழுதவேண்டாம் என்றதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுதுங்கள்.

சந்திரிகா

*

ஜெலுத்தோங்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

தைப்பூசக் கூட்டத்தில் பஸ் ஓடாததால் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்து இதை எழுதினேன். மச்சானுக்குப் பேத்தி பிறந்த வாழ்த்து. முழங்கை வலி அப்படியேதான், அது போகாது.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய கணக்கு எதுவும் இல்லை. நீ என்னிடம் இறக்கி வைத்தது உண்மை. ஆனால் நீ காதில் சொன்னதை ஹாலில் மூன்று தரம் சொன்னது நீ அல்ல. அதைப் பற்றி இனி எழுதாதே. எழுதினால் அந்தப் பக்கத்தைப் படிக்கமாட்டேன்.

குகன் தன் தாயிடம் பிள்ளை பிறந்ததைச் சொன்ன மறுநாள் நான் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனேன். ஒரு வருடமாக அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனவன். கேட்டைத் திறக்காமலே, "ஜெபம் பண்ண வந்தீங்களா?" என்றார்கள். இல்லை, நீங்கள் சொல்வதைக் கேட்க வந்தேன் என்றேன். உள்ளே விட்டார்கள். அன்று நான் ஜெபித்த அதே இடத்தில் என்னை உட்கார வைத்து, "என் பேரப்புள்ள போனதை என் வீட்டுலயே, ஊரோட ஊரா உக்காந்து கேட்டேன். அழக்கூட எனக்கு முறை வரல, மத்தவங்க அழுதுட்டாங்க" என்றார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்து கேட்டேன். 

ஷர்மினி சபைக்குத் திரும்புகிறாள். வியாழக்கிழமை ஜெபத்தை இனி நானே நடத்தலாம் என்றார் போதகர். அந்தத் திக்குகிற பெண்ணே நடத்தட்டும் என்றேன். நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பிள்ளைக்கு ஞானஸ்நானம். மாலையில் சம்பந்தியம்மா வீட்டில் நன்றிக் கூட்டம், அதே ஹாலில். இனி ஆகவேண்டியதை எழுதுகிறேன். இதில் எதையும் மாற்றக் கூடாது.

உன் மகன் அந்த வாரம் லீவு எடுத்து மச்சானோடு இருக்கவேண்டும். இன்றே அவனிடம் சொல்.

நீ வெள்ளிக்கிழமையே பஸ் ஏறவேண்டும். முதலில் ஷர்மினி வீட்டுக்குப் போ, என் வீட்டுக்கு அல்ல. என்னிடம் எழுதியதை அவளிடம் வாயால் சொல். அவள் பேசும்போது நடுவில் பேசாதே. நம் குடும்பத்து வியாதி அது.

குகன் பிள்ளையை ஆலயத்துக்குத் தூக்கி வரும்போது நேராகத் தன் தாயின் மடியில் வைக்கவேண்டும். உனக்கு ஆசை இருக்கும். நீ காத்திரு.

சம்பந்தியம்மாவுக்கு அன்று அழுகை வந்தால் அழட்டும். யாரும் தேற்றக் கூடாது, கூட அழவும் கூடாது.

பிள்ளையின் பெயரைப் போதகர் தண்ணீர் தெளித்துச் சொல்லும் நேரம் வரை யாரும் கேட்கக் கூடாது. ஷர்மினி எனக்குச் சொல்லியிருக்கிறாள். எத்தனை விதமாகக் கேட்டாலும் உனக்குக் கிடைக்காது.

நன்றிக் கூட்டத்தில் மாமாதான் ஜெபிக்கவேண்டும் என்று ஷர்மினி கேட்டிருக்கிறாள். சரி என்றேன். நான் எழுந்து நிற்பேன், கண்ணை மூடுவேன். குரல் வராது, யாரும் எடுத்துக்கொடுக்க வேண்டாம். பிள்ளை அழுதால் வெளியே தூக்கிப் போக வேண்டாம். நான் தலை நிமிரும் வரை ஒருவரும் ஆமென் சொல்லக் கூடாது. டீ ஆறினாலும் சரி.

உன் அண்ணன்,
யேசடியான்